நாற்காலியில் இருந்தபோது செய்ததையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மலேசியாவின் முன்னாள் பிரதமர் துன் டாக்டர் மகாதீர் சிங்கப்பூரைப் பற்றிப் பேசிய பழைய பேச்சு, வாசகர் பக்கத்தில் மறுபடியும் புகைந்துகொண்டிருக்கிறது. நூறு வயதைத் தொட்ட மனிதரை விட்டுவிடுங்களேன் என்கிறார் ஒருவர். அவர் சொன்னதில் என்ன தப்பு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், நட்பு நாடுகளைப் பற்றி முன்னாள் தலைவர்கள் வாயே திறக்கக் கூடாது என்று சட்டம் கொண்டு வரச் சொல்கிறார். மூவரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டம் போட்டு வாயை அடைக்கிற யோசனையை முதலில் தள்ளிவிடலாம். 1987-ல் ஒரே நேரத்தில் மூன்று பத்திரிகைகளின் உரிமத்தைப் பறித்தபோது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாடு பார்த்துவிட்டது. அப்போதும் பிரதமர் இதே மகாதீர்தான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அவர் என்ன சொன்னார்? 2022 ஜூன் மாதம் சிலாங்கூரில் ஒரு நிகழ்ச்சியில், நாமும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பத்து பூத்தே என்கிற சிறு பாறைத் தீவை மட்டுமல்ல, சிங்கப்பூரையும் ரியாவ் தீவுகளையும் சேர்த்தே மலேசியா கேட்டிருக்க வேண்டும், அவை மலாய் மண் என்கிற பொருள்படப் பேசினார். அந்தப் பக்கம் இந்தோனேசியா, ரியாவ் எங்களுடையது என்று சொல்லவேண்டி வந்தது. சில நாள் கழித்து, தான் உரிமை கோரச் சொல்லவில்லை, சின்னத் துண்டுகளுக்காகக் கவலைப்படுகிற நாம் பெரியதை இழந்ததை நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன், மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று விளக்கம் தந்தார். விளக்கத்தை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. செந்தூலில் நான் தே தாரே குடிக்கிற கடையில் இன்றைக்கும் முதல் பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்தப் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் அவர் செய்தது. பத்து பூத்தே தகராறை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சிங்கப்பூரோடு 1994-ல் ஒப்புக்கொண்டது அவருடைய அரசாங்கம். 2003 பிப்ரவரியில் புத்ராஜெயாவில் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அவர்தான் பிரதமர். தீர்ப்பு 2008 மே 23-ல் வந்தது, பத்து பூத்தே சிங்கப்பூருக்கு, பக்கத்திலுள்ள நடுப்பாறைகள் நமக்கு. 1953-ல் ஜொகூர் மாநிலச் செயலாளர் பொறுப்பில் இருந்தவர், அந்தத் தீவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று எழுதிய ஒரு கடிதம் நமக்கு எதிராக எவ்வளவு கனமாக நின்றது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2017-ல் அப்போதைய பிரதமர் நஜிப்பின் அரசாங்கம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போட்டது. 2018 மே மாதம் மகாதீர் மறுபடி பிரதமரானார், அந்த மாதமே, விசாரணை தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மனு திரும்பப் பெறப்பட்டது!

திரும்பப் பெற்றது சரியா தவறா என்பது வேறு விவாதம். அது அமைச்சரவையின் முடிவு என்று அவர் சொல்கிறார், இந்த விவகாரத்தை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் வேறு விதமாகப் பார்த்தது, 2024 டிசம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை அவர்மீது குற்றவியல் விசாரணை நடத்தலாம் என்கிற அளவுக்குப் போனது. என்னைக் கேட்டால் ஆணையம் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வது என்று இரண்டு நாடும் கைகுலுக்கிய பிறகு அதில் நிற்பது பெரிய குற்றமாக எனக்குத் தெரியவில்லை, 2002-ல் இந்தோனேசியாவோடான வழக்கில் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் நமக்குக் கிடைத்தபோது அதே நீதிமன்றத்தை நாம் கொண்டாடினோமே. ஆனால் அந்த நியாயத்தை 2018-ல் கையில் எடுத்தவர் 2022-ல் மேடையேறி சிங்கப்பூரையே கேட்டிருக்கலாமே என்று கூட்டத்தைச் சூடேற்றுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? தீர்மானிக்கிற பேனா கையில் இருந்தபோது ஒரு சிறு பாறைக்குக்கூட மனுவைத் தொடரவில்லை.

பதவியில் இருக்கும்போது பேசினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2019 செப்டம்பரில் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றி இந்தியாவைக் கடுமையாகச் சாடினார். அடுத்த மாதமே மும்பையிலுள்ள எண்ணெய் வணிகர் சங்கம் மலேசியச் செம்பனை எண்ணெயைத் தவிர்க்கச் சொன்னது, 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. பதிலடி கொடுக்க நாம் மிகச் சிறிய நாடு என்று அவரே சொன்னார். பேசியது காஷ்மீரைப் பற்றி, அடி விழுந்தது செம்பனையில். நான் தோட்டத்தில் பிறந்தவன், விலை இறங்கினால் முதலில் யார் வீட்டில் அடுப்பு தணியும் என்று தெரியும். அவர் பேசியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, மனசாட்சிப்படி பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். பேச்சுக்கு விலை கொடுக்கிற நாற்காலி அது. இப்போது அவர் உட்கார்ந்திருப்பது விலையில்லாத நாற்காலி.

இன்னொன்று. 2006-ல் லீ குவான் யூ, அப்போது அவர் பிரதமர் இல்லை, மதியுரை அமைச்சர், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சீனர்கள் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்று சொன்னதற்கு நாம் எப்படிக் கொதித்தோம்! பிரதமர் அப்துல்லா படாவி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார், ஏற்பட்ட சங்கடத்துக்கு லீ வருத்தம் தெரிவித்தார். அவர்கள் பக்கத்து முன்னாள் பிரதமர் பேசினால் விளக்கம் வேண்டும், நம் பக்கத்து முன்னாள் பிரதமர் பேசினால் வயசானவர் விட்டுவிடுங்கள் என்பதா? சிங்கப்பூர் நமக்கு வெறும் பக்கத்து வீடு இல்லை, 1971-லிருந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் கூட்டாளி, அதன் வான் தற்காப்புத் தலைமையகம் நம் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் என் தங்கை மகனும் ஒருவன், மாசாயில் வீடு, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறான். அவனிடம் இந்தச் சர்ச்சையைப் பற்றிக் கேட்டேன். “மாமா, தண்ணி விலையை ஏத்த முடியுதான்னு கேளுங்க முதல்ல” என்றான். ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் எடுக்கிற தண்ணீரைத்தான் சொல்கிறான்: ஆயிரம் கேலனுக்கு 3 சென், 1962 ஒப்பந்தம், 2061 வரை. அந்த விலை அபத்தம் என்று 2018-ல் மகாதீரும் சொன்னார், விலை இன்னும் 3 சென்தான்.

ஆகவே ஆசிரியரே, அவர் பேசுவதை அச்சிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது 1994, 2003, 2018 ஆகிய ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள். மற்ற முன்னாள் பிரதமர்கள் நஜிப்பானாலும் முஹிடினானாலும் இதே மாதிரிதான். இடம் போதவில்லை என்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம். என் மனைவி கோபித்துக்கொள்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
செந்தூல், கோலாலம்பூர்.