திட்டு வாங்கின கையோட ஒரு திஞ்சான் கடிதம்

அடியே,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். வியாசர்பாடில லாரித் தண்ணிக்கு குடத்த வரிசைல போட்டுட்டு நிக்கறப்ப, அங்க பர்மாவுல புத்தாண்டுத் தண்ணித் திருவிழா, திஞ்சான்னு சொல்லி நீங்கள்லாம் ரோட்டுல கொட்டி விளையாடுங்கடின்னு திட்டுனியே, எனக்கு சிரிப்பு அடங்கவே இல்ல. திட்டு நியாயம்தான். ஆனா ஏப்ரல் வெயிலு, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, இதுல நாலு நாளாச்சும் தெருவுல நனையலேன்னா ரங்கூன்காரங்க வெந்தே போயிருவோம், இங்க பொறந்தவ நீ, உனக்கு நான் சொல்லணுமா.

இந்த தடவை பேரன் விடாம பெரிய பந்தலுக்கு இழுத்துட்டுப் போயிட்டான். எனக்குப் புடிக்கலடி. மேடை மேல வரிசையா குழாய், ஸ்பீக்கர் சத்தத்துல நெஞ்சு அதிருது, மேல ஏறி நின்னு தண்ணி பீச்சறதுக்கு டிக்கெட் வேற, கீழ ஜீப்லயும் லாரிலயும் பசங்க ஆடிக்கிட்டே போறாங்க, அந்தக் குழாய்த் தண்ணி காதுல அடிச்சா ரெண்டு நாளைக்கு ஒண்ணும் கேக்காது. அவனுக்கு சொர்க்கம். நான் போனை பிளாஸ்டிக் பையில சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எப்படா வீட்டுக்குப் போவோம்னு நின்னேன்.

நம்ம தெருவுல அப்படி இல்ல. எதிர்வீட்டு பர்மாக்கார அம்மா இன்னும் அதே வெள்ளிக் கிண்ணத்தோட வர்றாங்க, தபியே இலைக் கொத்த தண்ணில தொட்டு, ஊத்தலாமான்னு கேட்டு, தோள்ல லேசா தெளிச்சு ஒரு வாழ்த்து சொல்றாங்க. வாண்டுங்க மட்டும் கேக்கறதே இல்ல, பக்கெட்டுல ஐஸ் கட்டியப் போட்டு ஒளிஞ்சு நிக்குதுங்க. பிக்குமார் மேலயும் புள்ளத்தாச்சி மேலயும் ஊத்தக் கூடாது, அந்த மரியாதை இன்னும் இருக்கு. கிழவிங்களுக்குத்தான் விலக்கு இல்ல போல!

14ஆம் தேதி வழக்கம்போல கூத்துதான். நமக்கு சித்திரை ஒண்ணு, பர்மாக்காரங்களுக்கு தஜாமின் சாமி பூமிக்கு எறங்கி வர்ற நாளு. விடியறதுக்கு முந்தியே பட்டுப்புடவை கட்டி காளி கோயிலுக்கு ஓடினோம், லேட்டானா நனைஞ்சுதான் சாமி கும்பிடணும். 1871ல நம்ம ஆளுங்க கட்டின கோயிலு, அன்னிக்கு நிக்க இடமில்ல. போறப்ப தப்பிச்சோம், வர்றப்ப அனவ்ரத்தா ரோட்டுல மாட்டினோம், ஊத்தினது யாரு தெரியுமா, நம்ம பசங்களேதான், புத்தாண்டு வாழ்த்துக்கள் ஆன்ட்டின்னு தமிழ்லயே சொல்லிட்டு ஊத்தறானுங்க, எப்படித் திட்டறது சொல்லு.

தஜாமின்னா நம்ம இந்திரன்தானே. நல்லது செஞ்சவங்க பேர தங்க ஏட்டுலயும் கெட்டது செஞ்சவங்க பேர நாய்த்தோல் ஏட்டுலயும் எழுதுவாராம், உன் பேரு எதுலன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துல பூம்புகார்லயும் சித்திரைலதான் இந்திரனுக்கு விழா எடுத்தாங்கன்னு படிச்சோமே, வெயில் மண்டையப் பொளக்கற மாசம் பார்த்து மழை சாமியக் கூப்பிட்டிருக்காங்க பாரு, அங்கயும் இங்கயும் ஒரே புத்தி.

இனி சாப்பாடு, நீ பொறாமைப்படத்தான் எழுதறேன். தெருமுனையில பெரிய அண்டா வச்சு மொலோன்யேபோ போட்டாங்க, அரிசி மாவு உருண்டைக்குள்ள பனைவெல்லம், வெந்து மேல மிதக்கறப்ப அரிச்சு எடுத்து தேங்காப்பூ தூவி போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் சும்மாவே குடுக்கறாங்க. அதுல ஒண்ணு ரெண்டுல வெல்லத்துக்குப் பதிலா பச்ச மொளகா. என் மருமகனுக்கு சரியா அதுவே போய் மாட்டுச்சு, மனுஷன் கண்ணுல தண்ணி, தெருவே கைதட்டுது. தேங்காப்பால், ஜவ்வரிசி, ஜெல்லி, ரொட்டித்துண்டு போட்ட ஷ்வேயின்ஏவும் இருந்துச்சு. நம்மாளுங்க பங்குக்கு நீர்மோரும் பானகமும். மோல்மேன் ஊரு நாத்தனார் வந்திருந்தா, அவ அங்க இருக்கற மோன் இனத்துக்காரங்க செய்யற திஞ்சான் சோறு பண்ணினா, மெழுகுத்திரி புகை வாசம் ஏத்தின குளுந்த தண்ணில சோறு, தொட்டுக்க கருவாடும் மாங்காயும், நம்ம பழைய சோத்துக்கு சீமந்தம் பண்ணின மாதிரி இருந்துச்சு போ. மூணு கிண்ணம் சாப்ட்டேன், சுகர் மாத்திரைய ஞாபகப்படுத்தாத.

அப்புறம் நம்ம பாட்டிக்கெல்லாம் தல தேச்சு விடுவோமே, அது இன்னும் நடக்குது. தயோ மரப்பட்டையும் கின்பூனும் ஊற வச்சு (கின்பூன் நம்ம சீயக்காயேதான்), சின்னப் பொண்ணுங்க வந்து வயசானவங்களுக்கு தல கழுவி நகம் வெட்டி விடுறாங்க. இந்த வருஷம் அந்த வரிசைல என்னையும் உக்கார வச்சிட்டாங்கடி! நமக்கு அம்புட்டு வயசாயிருச்சான்னு மொதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் அந்தப் பொண்ணு விரலு மண்டைல பட்டதும் கோவமாவது ஒண்ணாவது, தூக்கமே வந்துருச்சு.

2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல திஞ்சானையும் சேத்தாங்க, உனக்குத் தெரியுமா? சேத்து நாலு மாசத்துல, 2025 மார்ச் 28ல மாண்டலே பக்கம் நிலநடுக்கம், அந்த வருஷம் யாருக்கும் கொண்டாட மனசே வரல. 2020ல கொரோனா. இப்படி விட்டு விட்டு வர்றதாலயோ என்னவோ, நல்லபடியா நடக்கற வருஷம் கிடைச்சா நான் ஒரு நாளையும் விடறதில்ல. பதாவ் பூவும் இந்த தடவை ஏமாத்தல. ஒரு மழைதான் பேஞ்சுது, மறுநாள் மரம் பூரா மஞ்சள், எல்லா பொண்ணு கொண்டையிலயும் அதான், அந்த ஒரு நாளோட சரி, உதிர்ந்துருச்சு.

உன் மூட்டுவலி எப்படி இருக்கு? பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ் போட்டோ அனுப்பினியே, அந்த ஆரஞ்சு கலரு எங்கேருந்துடி வந்துச்சு, இங்க யாரும் அப்படி செய்யறதில்ல, ஆனா பாத்ததும் வாயூறிச்சுன்றதும் நெசம்.

அடுத்த ஏப்ரல்ல வாயேன். லுங்கியெல்லாம் மூட்ட கட்டிட்டு வராத, சூரத்தி பஜார்ல வாங்கிக்கலாம். ஆனா திஞ்சானுக்கு கடையெல்லாம் பூட்டிருவான், அதனால பத்தாந்தேதிக்குள்ள வந்து சேந்துரு. டிக்கெட் போட்டதும் சொல்லு.

இப்படிக்கு
உன் ரங்கூன்காரி