என் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

வீரவநல்லூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பத்தமடையில் பாய் நெய்கிற லாத்தாமாருக்கும் (அக்காமாருக்கும்), எனக்காகச் சென்னை வரை அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

ஐஸ்லாந்துக்கு நெய்யப் போன கதையைத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லியாயிற்று. நன்றியைத்தான் இன்னும் முறையாகச் சொல்லவில்லை.

முதல் நன்றி மைனிக்கு (அண்ணிக்கு). கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கி, விற்கிற கவலை இல்லாமல் தன் இஷ்டத்துக்கு வேலை செய்வதை ரெசிடென்சி என்கிறார்கள்; நான் போனதும் அதற்குத்தான். படம் வரைகிறவர்களுக்கு அது சரிப்படும். கூலிக்கு நெய்கிறவளுக்குத் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். நான் கிளம்பும்போது பாவு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்) பாதிதான் முடிந்திருந்தது. மைனி பகலெல்லாம் தன் தறியில் நெய்துவிட்டு, சாயங்காலம் என் தறிக்குழியில் இறங்கினார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் செடிபுட்டா சேலையில், பூவுக்கான இழையைக் கையால்தான் கோக்க வேண்டும். இரண்டு பேர் கை பட்டால் ஒரு பூ இறுகும், ஒரு பூ தொளதொளக்கும். அதற்காக என் பழைய சேலை ஒன்றைப் பக்கத்தில் விரித்துப்போட்டு, என் கைக்கு ஏற்றபடி தன் கையை மாற்றிக்கொண்டு நெய்திருக்கிறார். வாங்கிப்போன முதலாளிக்கே வித்தியாசம் தெரியவில்லை. (இதைப் படித்த பிறகு கூலியைக் குறைத்துவிடாதீர்கள், அண்ணாச்சி.)

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர் பாளையங்கோட்டை டீச்சர். "நெய்யப் போறேன்னு எழுதினா போதாது, எதை நெய்யப் போறன்னு சொல்லு" என்று என்னை உலுக்கியவரும் அவர்தான். விசாவுக்குப் போன இடத்தில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். நெசவாளிக்கு ஏது சம்பளச் சீட்டு? கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் அடித்துக் கொடுத்தார்கள், அதுதான் காப்பாற்றியது.

பத்தமடைக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்துத்தான் பட்டு மாதிரி மெல்லிசான பட்டுப்பாய்க்கு எடுப்பார்கள். அதற்கு முன்னால் கத்தியால் கிழிக்கிற வேலை இருக்கிறதே, அதை லாத்தா கண்ணை மூடிக்கொண்டு செய்வார். கிழித்ததை இரண்டு விரலுக்கு நடுவே உருவிப் பார்ப்பார். விரலில் தட்டினால் கழித்துவிடுவார். நான் கிழித்த முதல் கட்டை உருவிவிட்டு, "இது பந்திப்பாய்க்கு ஆவும் புள்ள" என்றார். ஆனாலும் கிளம்புகிற அன்று சாயம் போட்ட நல்ல கோரையாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நான் போனது ஐஸ்லாந்தின் வட கரையில் உள்ள பிளோந்துவோஸ். பழைய பெண்கள் பள்ளிக் கட்டடத்தில் நெசவு மையம் நடக்கிறது. அங்கே நார்வேக்காரர்கள் செய்த டிசி2 தறி இருக்கிறது. நம்ம தறியில் ஒரு விழுதில் (இழைகளைத் தூக்குகிற கண்ணி வரிசையில்) கட்டிய இழையெல்லாம் சேர்ந்தேதான் எழும்பும். அதில் கம்ப்யூட்டர் சொன்னபடி ஒவ்வொரு பாவு இழையும் தனித்தனியே எழும்பும்; குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை மட்டும் கையால்தான் விட வேண்டும். அந்தத் தறியில் பக்கத்தில் நின்று பழக்கிய மையத்து அம்மாவுக்கும், அந்த ஊர் ஆட்டு ரோமத்தில் வெளியே உள்ள ‘தோக்’ என்ற முரட்டு முடியையும் உள்ளே உள்ள ‘தேல்’ என்ற மெல்லிசான முடியையும் பிரிக்கக் கற்றுத்தந்த பாட்டிக்கும் நன்றி. அந்தக் காலத்தில் அங்கே பாவு இழைகளின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நின்றுகொண்டே நெய்திருக்கிறார்கள். வாத்மால் என்ற கம்பளித் துணியே காசாகவும் செல்லுபடியாகியிருக்கிறது. நம்ம தெருவிலும் அந்த வழக்கம் இருந்திருந்தால் நான் யாரிடமும் கைநீட்டியிருக்க வேண்டாம்.

கைநீட்டத்தான் வேண்டியிருந்தது. அறைக்கும் தறிக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும், டிக்கெட் வேறு. சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எனக்கு விட்டுக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? அவர் மகள் வளைகாப்புக்கு வைத்திருந்த பணம் அது. வளைகாப்புச் சேலை என் கூலியில்; சொல்லிவிட்டேன்.

தேல் நூலும் கோரையும் மாறி மாறி ஊடையாக (குறுக்கு நூலாக) போட்டு நெய்த துணி இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். லாத்தா வந்து பார்த்தாயிற்று. அடுத்து மைனி போக வேண்டும் என்று தெருவில் பேச்சு. அவர் தறிக்கு நான் இருக்கிறேன். அவர் கை மாதிரி நெய்யத்தான் பழக வேண்டும்.