அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் படபடப்பை அலட்சியப்படுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,

எடையைக் குறைக்க நம் ஆட்கள் பலர் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். நல்லதுதான், நீரிழிவும் ரத்த அழுத்தமும் பலருக்கு நன்றாகவே குறைகின்றன. ஆனால் அப்புறம் நெஞ்சு படபடத்தால், "பயப்படாதே, சரியாகிவிடும்" என்று சுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் என் அண்ணிக்கு வாரக்கணக்கில் வாந்தி, தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மணிக்கட்டைத் தொட்டால் நாடி இரண்டு துடித்து ஒன்றை விட்டு அடித்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் மக்னீசியமும் ரொம்பக் குறைவு. இவை குறைந்தால் இதயத்தின் மின்துடிப்பே தடுமாறும்.

எல்லாப் படபடப்பும் இதுவல்ல. இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேரே குடலோடு இணைக்கும் சிகிச்சை, இதய பைபாஸ் அல்ல) செய்தவர் குலாப் ஜாமூன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வியர்த்து நெஞ்சு அடித்துக்கொண்டால், இனிப்பு சட்டென்று குடலில் இறங்கியதால் இருக்கலாம். எடை இறங்க இறங்க, தைராய்டு மாத்திரையின் பழைய அளவே அதிகமாகிப்போவதும் உண்டு. எதுவென்று ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும், நாமாக முடிவுகட்ட வேண்டாம்.

மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் இதையெல்லாம் தமிழிலும் பெரிய எழுத்தில் போட வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

வாசகர், ஈசூன்