ஒரு பக்கக் கடிதம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் குடிவரவு வழக்குக்கு மனநல அறிக்கை வேண்டும் என்று வக்கீல் சொன்னதும், தெரிந்த டாக்டரிடம் ‘இவருக்கு மனச்சோர்வு உள்ளது’ என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது உதவாது. நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. அந்த வழக்கில் சட்டம் எழுப்பும் கேள்விக்கு அறிக்கை விடை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அனுமதியின்றித் தங்கியதால் வரும் நுழைவுத் தடைக்கு விலக்குக் கோரும் ஐ-601ஏ மனுவை எடுத்துக்கொள்வோம். அங்கே மதிப்பீடு செய்ய வேண்டியது மனுதாரரை அல்ல; குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள அவருடைய கணவன், மனைவி அல்லது பெற்றோரை. அந்த உறவினருக்கு நேரும் கடும் இன்னலே அளவுகோல். பிள்ளைகள் படும் பாடுகூட, அவரை அது எப்படிப் பாதிக்கிறது என்ற அளவில்தான் கணக்கில் வரும். மனுதாரரைப் பிரிந்திருந்தால் அந்த உறவினருக்கு என்ன ஆகும், அவர் கூடவே நாட்டைவிட்டுக் கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே பாதுகாப்பு. குடியுரிமைத் தேர்வில் விலக்குக் கோரும் என்-648 படிவத்தில் உரிமம் பெற்ற மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோதான் கையெழுத்திடலாம். சமூகப் பணியாளரின் கையெழுத்து செல்லாது.

அதிகம் சிக்கலாவது அசைலம், அதாவது அடைக்கலம் கோரும் வழக்குகளில்தான். ‘இவர் சொல்வது உண்மை’ என்று எந்த நிபுணரும் எழுத முடியாது. காணும் அறிகுறிகள், சொல்லப்பட்ட சித்திரவதையோடு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்றுதான் எழுதலாம். அதற்கான படிநிலைகளை, சித்திரவதையை விசாரித்துப் பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை வகுத்திருக்கிறது. 2022-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. அறிகுறி இல்லை என்பதால் சித்திரவதையே நடக்கவில்லை என்று ஆகாது என்பதையும் அது சொல்கிறது.

தேதிகளில் கவனம் தேவை. மனுவில் மே என்றும் அறிக்கையில் ஜூன் என்றும் இருந்தால், 2005-ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத முரணைக்கூட நம்பகத்தன்மைக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வாக்குமூலத்தை நேர்காணலுக்கு முன்பே நிபுணரிடம் கொடுங்கள். வரைவு வந்ததும் ஊர், நாள், பெயர் ஆகியவற்றை வக்கீல் சரிபார்க்கட்டும். நிபுணரின் முடிவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு வாசனையும் சத்தமும் நினைவிருக்கும், வரிசை குழம்பும். அந்தக் குழப்பம் ஏன் என்பதை அறிக்கையே விளக்கலாம். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் அசைலம் மனுப் போடத் தவறியவருக்கும், கொடுமையால் விளைந்த மனப் பாதிப்பே காரணம் என்றால் அறிக்கை துணை நிற்கும்.

மொழிபெயர்க்க வீட்டாரை அழைத்துப் போகாதீர்கள். கணவனையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, காவலில் தனக்கு நேர்ந்ததை ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? ‘நெஞ்சு அடைக்குது’ என்பது வெறும் மார்புவலியாகப் போய்ச் சேர்ந்தால் பாதி அறிகுறி தொலைந்துபோகும். தமிழில் நேரடியாகப் பேசும் நிபுணர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பயிற்சி பெற்ற, உறவு வட்டத்துக்கு வெளியே உள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

நேர்காணல் சில மணி நேரம் நீளும். இரண்டு அமர்வுகளாகவும் நடக்கலாம். பேசி முடித்த இரவு கெட்ட கனவுகள் திரும்பக்கூடும். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிடுங்கள், வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குடிவரவு வழக்குகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்வோர் சிலர்