தேயிலைத்தூள் டின்னுக்குள் கிடக்கும் மாத்திரைகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னார்கள் என்றும், அங்கே வலிக்குக் கொடுத்த மோர்பின் மாத்திரைகளை உன் அம்மா விழுங்காமல் தேயிலைத்தூள் டின்னுக்குள் போட்டு வைக்கிறார் என்றும் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

40 வருடம் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று அம்மா சொல்கிறாராம். இது அந்த வலி அல்ல. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் கட்டும் உயிரணுக்களும் நம் உடலில் ஒன்றுக்கொன்று ஈடாக வேலை செய்பவை. பரவி வந்த புற்றணுக்கள் கரைப்பவற்றைத் தூண்டிவிட, அவை சுரக்கும் அமிலம் எலும்பை அரிப்பதோடு அங்குள்ள நரம்புகளையும் உறுத்துகிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையிலும் நரம்புகள் நிறைந்திருப்பதால், கட்டி அதை இழுக்கும்போது படுத்தாலும் ஓயாத, இரவில் கூடும் வலி உண்டாகிறது.

மோர்பின் சாகும் தறுவாயில் மட்டும் கொடுக்கும் மருந்து அல்ல. அப்படி நினைத்துத்தான் என் அப்பாவுக்குப் பொறுக்க முடியாத இரவுகளில் மட்டும் கொடுத்தோம். அவர் இஸ்தோப்புத் தூணைப் பிடித்தபடி விடியும்வரை நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுக்க வேண்டும் என்பதை எங்களுக்கு எவரும் விளக்கவில்லை. வைத்தியர் சொன்ன அளவில் எடுத்தால் அது போதைப் பழக்கமாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். ஆகவே முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேட்டு வாங்கு. டின்னில் சேர்ந்தவற்றை மட்டும் நீயாக ஒன்றாகக் கொடுத்துவிடாதே. எத்தனை விடுபட்டன என்று வைத்தியரிடம் சொல்.

அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது கதிர்வீச்சைப் பற்றியும் கேள். வலிக்கும் இடத்துக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒருமுறை கொடுப்பது, பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு நிகராகப் பலரின் வலியைத் தணிக்கிறது. தினமும் பஸ் ஏறி இறங்க முடியாத அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பார். முதல் சில நாட்கள் வலி கூடலாம், குறைவதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால் பலனில்லை என்று முடிவுகட்டிவிடாதே. எலும்பு மேலும் அரிக்கப்படாதிருக்க சோலிட்ரோனிக் அமிலம் என்ற ஊசிமருந்தும் உண்டு; அதற்கு முன் பற்களையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாவின் கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, முள்ளந்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று பொருள் இருக்கலாம். கிளினிக் நாள் வரட்டும் என்று இராமல், இரவானாலும் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
அக்கா