மிளகாய்க்கன்று இன்னும் யன்னலில்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை, உண்மையாகவே நேரமில்லை. சிரிக்காதே. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவனுக்கு என்ன அவசரம் என்று கேட்பாய். ஏப்ரல் பிறந்தால் இந்த ரொறன்ரோவில் சனத்துக்கு ஒரு விசர் பிடிக்கும். குளிருக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து, பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் இருக்கிறானா என்று எட்டிப்பார்ப்பார்கள். இந்த வருடம் எனக்கும் அது தொற்றிவிட்டது.

தொடங்கி வைத்தது டொக்டர். சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை எழுதிவிட்டு, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மரம் செடி உள்ள இடத்தில் இருக்க வேண்டும், ஒருமுறை போனால் 20 நிமிடமாவது நிற்க வேண்டும் என்று அதையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கிய திட்டமாம், இப்போது மற்ற மாகாணங்களிலும் டொக்டர்மார் இப்படி எழுதுகிறார்கள். உன் அப்பு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? விடிய நாலு மணிக்கு இறைப்புக்கு எழும்பின மனுசன்.

சரி, மருந்துதானே என்று மனிசியையும் கூட்டிக்கொண்டு ஹை பார்க் என்கிற பெரிய பூங்காவுக்குப் போனேன். அங்கே செரிப்பூ பார்க்க வருகிற கூட்டம் நல்லூர்த் தேருக்கு வருகிற மாதிரி, பூ உச்சத்தில் இருக்கிற நாட்களில் வாகனங்களை உள்ளே விடவே மாட்டார்கள். அந்த மரங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1959இல் தோக்கியோ நகரத்து மக்கள் 2,000 மரம் அனுப்பினார்கள், போருக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த ஜப்பானியக் கனேடியர்களை இந்த நகரம் ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக. அவர்கள் ஏன் ஊரை விட்டு வந்தார்கள்? 1942இல் இதே கனடாதான் அவர்களை மேற்குக் கரையிலிருந்து கிளப்பி, முகாமில் போட்டு, வீடு வள்ளம் எல்லாவற்றையும் பறித்து விற்றது. மரத்தடியில் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, எனக்கும் மகள் சொல்லித்தான் தெரியும். வள்ளம் என்றதும் எனக்கு வேறு ஞாபகங்கள் வந்தன. அதை விடு. நாங்கள் போன அன்று காற்று, பாதிப் பூ தரையில். மனிசிக்கு அதுதான் பிடித்தது.

அப்புறம் பசளைக் கதை. வசந்தத்தில் மாநகரசபை சுற்றாடல் நாள் என்று ஒன்று ஒவ்வொரு பகுதியாக வைக்கும். பழைய பெயின்ட், பற்றரி, உடைந்த ரேடியோ எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், திரும்பி வரும்போது இலவசமாகக் கூட்டெரு அள்ளிக்கொண்டு வரலாம். மண்வெட்டியும் வாளியும் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டு வாசல்களில் நாங்கள் கூட்டிக் கட்டி வைக்கிற சருகுதான் மக்கி அப்படி வருகிறது. நான் காலை வெள்ளெனப் போனேன், அதற்குள் பெரிய வரிசை. முன்னால் ஒரு பிலிப்பீன்ஸ்காரர், பின்னால் ஒரு இத்தாலியக் கிழவி, அவவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், கையில் குழந்தைகள் கடற்கரையில் விளையாடுகிற சின்ன வாளி! நாங்கள் இரண்டு பேரும் அவவின் காரை நிரப்பிக் கொடுத்தோம். போகும்போது, தக்காளிக்கு அடியில் முட்டைக்கோது போடு என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனா. இந்த வசந்தத்தில் நான் போனவற்றில் மேடை, ஒலிவாங்கி, பொன்னாடை எதுவும் இல்லாமல் நடந்த திறமான விழா இதுதான். எங்கள் சங்கக்காரருக்குச் சொன்னால் கோபம் வரும்.

படக் கண்காட்சிக்கும் போனேன். மே மாதம் முழுக்க நகரத்தில் சுவர், ரயில் நிலையம் என்று கண்ட இடமெல்லாம் புகைப்படம் மாட்டுவார்கள். சிலது விளங்கவில்லை. பூங்காவில் காலையில் சீனத்து அம்மாக்களோடு நின்று தாய் சீ என்கிற அவர்களின் உடற்பயிற்சியும் செய்கிறேன், அதுவும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் முழங்கால் நோகிறது குறைவு.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது ஒரு நடையைப் பற்றி. ஜேன் ஜேக்கப்ஸ் என்று ஒரு அம்மா, 1968இல் நியூயோர்க்கிலிருந்து இங்கே வந்து குடியேறினவ, நகரத்துக்கு நடுவே வரவிருந்த ஒரு பெருந்தெருவை மற்றவர்களோடு சேர்ந்து எதிர்த்து 1971இல் நிற்பாட்ட வைத்தவ. அவ 2006இல் காலமானா. அடுத்த வருடத்திலிருந்து மே முதல் வார இறுதியில் அவவின் பெயரில் நடை நடக்கிறது. யாரும் கூட்டிக்கொண்டு போகலாம், யாரும் வரலாம், காசில்லை. நான் சேர்ந்துகொண்டது ஸ்காபுரோவில் மின்கம்பிகளுக்குக் கீழே உள்ள வெளியில். முன்பு வெறும் புல்லாக இருந்து, வெட்டி வெட்டி விட்ட நிலம். இப்போது டொன் ஆற்றுப் பள்ளத்திலிருந்து ரூஜ் காடு வரை 16 கிலோமீற்றருக்கு இந்த நாட்டுப் பூச்செடிகளை வளர்க்கிறார்கள். கூட்டிப்போன பெண் ஒரு முளையைக் காட்டி, இது மில்க்வீட், மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதில் மட்டும்தான் முட்டையிடும், உடைத்தால் பால் வரும், கண்ணில் படவிடாதீர்கள் என்றா. எனக்கு உடனே வாசிகசாலைக்குப் பின்னால் நின்ற எருக்கலை ஞாபகம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்! அந்த எருக்கலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சி வருமே, நீ பிடித்து நெருப்புப்பெட்டிக்குள் அடைப்பாயே, அதுவும் மொனார்க்கின் சொந்தக்காரன்தான். இவ்வளவு தூரம் வந்து, அறுபத்தைந்து வயதில், நெருப்புப்பெட்டிக்குள் இருந்தது யாரென்று தெரிந்துகொண்டேன்.

தோட்டம் இன்னும் வைக்கவில்லை. விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தின திங்கள், வரும்வரை மண்ணில் ஒன்றும் வைக்காதே என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். போன வருடம் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத தோட்டமா என்று மே தொடக்கத்தில் 24 மிளகாய்க்கன்று நட்டேன், ஒரு இரவு உறைபனி, காலையில் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரிக் கிடந்தது. இந்த முறை கன்றெல்லாம் யன்னலில், கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில். பேத்தி தினமும் எண்ணிப் பார்க்கிறாள்.

ஒரு விசயம் உன்னிடம் கேட்க வேண்டும். மார்ச்சில் விதை மாற்றுகிற இடமொன்றுக்குப் போனேன், நாங்கள் கொஞ்சம் விதை கொடுத்து வேறு விதை எடுக்கலாம். போன வருடத்துப் புடோல் விதையைக் கொடுத்து ஒரு சீனத்து அம்மாவிடம் நீளப் பயித்தை வாங்கினேன். புடோலங்காய் சுருளாமல் இருக்க நுனியில் கல் கட்ட வேண்டும் என்று கையால் காட்டினேன், அவ எந்த அளவில் கட்டுவது, எவ்வளவு பாரம் என்று கேட்டா. நான் முழித்தேன். பாரம் கூடினால் காம்பு அறும் என்பது மட்டும் ஞாபகம். அப்பு ஒரு சாண் வந்ததும் கட்டுவாரா, அதற்கு முன்னமா? அண்ணியிடமாவது கேட்டு எழுது. ஓகஸ்டுக்கு முதல் தெரிந்தால் போதும்.

உன் பழைய கூட்டாளி

(அந்தத் தோட்டக் கிணறு இப்போதும் இறைக்கிறதா? போன கடிதத்தில் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.)