ஆண்டறிக்கை: ஹிப்னாடிசப் பயிற்சி வட்டம், சாட்ஸ்வொர்த், டர்பன்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கம்போல மாதம் இரண்டு சனிக்கிழமை கூடினோம். மின்வெட்டால் சில கூட்டங்கள் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச நினைப்பது புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி. வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள். ஆனால் யாரையாவது உட்கார வைத்துச் செய்து பார்க்கத் தயங்கினார்கள். பலிக்காவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் முதல் முயற்சியில், கையிலிருந்த தாள் நடுங்கிச் சலசலத்தது. எதிரே இருந்த சொந்தக்காரப் பெண், "அக்கா, இப்ப கண்ணை மூடணுமா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் நான்கு மாதம் யாரிடமும் முயலவில்லை.

அதனால் இந்த ஆண்டு வீட்டிலிருந்தே தொடங்கச் சொன்னோம். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டும் அப்படித்தான் தொடங்கினார். 1841-இல் மான்செஸ்டரில் ஒரு மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவர், வீட்டில் நண்பரை மதுப்புட்டியின் கழுத்தையும், மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் வேலைப்பாட்டையும் உற்றுப் பார்க்க வைத்தார். நாமும் ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கினோம்.

ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு எளிதில் வசப்படுவார் என்று அளக்க 1959-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோலையும் விளக்கினோம். நீட்டிய கை பாரமாகி இறங்குகிறதா என்பது போன்ற 12 சோதனைகள் அதில் உண்டு. சிலருக்கு நிறையப் பலிக்கும், சிலருக்கு மிகக் குறைவு, பெரும்பாலோர் நடுவில். 25 ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் அந்தத் தன்மை பெரிதாக மாறவில்லை. எதிரே இருப்பவரின் கை இறங்கவில்லை என்றால் அது செய்தவரின் குறையாகவே இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் பலருக்கு மூச்சு வந்தது.

"நானும் கற்றுக்கொள்கிறேன், எப்போது வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம்" என்று முதலிலேயே சொல்லச் சொன்னோம். பலிக்காவிட்டால் குரலை உயர்த்தாமல், "சரி, உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். நோய்க்கு யாரும் இதைச் செய்யக் கூடாது, அது மருத்துவர் வேலை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரண்டு பேரிடம் ஒன்றும் நடக்காமல், மூன்றாவதாக ஒரு இளைஞனை உட்கார வைத்தார். கையில் பாரம் கூடுவதாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அடுத்த வரியை மறந்து நின்றார். அறை முழுக்க அமைதி. அந்த அமைதியில் இளைஞனின் கை விரல் விரலாக இறங்கி முழங்காலைத் தொட்டது. ஆன்ட்டியின் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வரும் ஆண்டில், சேர்ந்த முதல் மாதமே ஒருவரையாவது உட்கார வைக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கிண்ணத்தை எடுத்துப் போகிறவர்கள் அடுத்த கூட்டத்தில் திருப்பித் தாருங்கள்.

செயலாளர்